லாரியின் கிலோமீட்டரும் என்ஜின் மணியும்

உழவுக்கு டிராக்டரை வாடகைக்கு அழைக்கும் குடியானவர் எவரும் அது எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்று கேட்பதில்லை. வயலில் இறங்கும்போது மணி மீட்டரில் இருந்த எண்ணையும், கரையேறும்போது இருந்த எண்ணையும் பார்த்து, இடைப்பட்ட மணிக்கே கூலி தீர்க்கிறார். தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் நெல் அறுக்க வரும் அறுவடை யந்திரங்களுக்கும் மணிக்கு இவ்வளவு என்று பேசுவதே வழக்கமாய் இருந்து வருகிறது. ஆனால் அதே குடியானவர் காய்கறியோ கரும்போ ஏற்றுவதற்கு ஒரு லாரி வாங்கிவிட்டால் இந்த நல்ல பழக்கத்தை மறந்துவிடுகிறார். லாரிக்குக் கிலோமீட்டர்தான் கணக்கு என்று எண்ணி, என்ஜின் எத்தனை மணி ஓடியது என்பதைக் கவனியாமல் விடுகிறார்.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. எண்ணெய் மாற்றவேண்டிய காலம் தெரியாமல் கடந்துபோகிறது. டீசல் அதிகமாய்ச் செலவானதன் காரணம் விளங்காமல் டிரைவர்மீது வீண் பழி விழுகிறது. பழைய லாரி வாங்குகிறவர் குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மயங்கித் தேய்ந்துபோன என்ஜினுக்கு முழு விலை கொடுக்கிறார். கடன் பெற்று லாரி வாங்கிய குடும்பத்திற்கு ஒரு தடவை என்ஜினை அவிழ்த்துக் கட்டும் செலவு, ஒரு போகத்து லாபத்தையே விழுங்கிவிடக் கூடும். இவ்வளவுக்கும் பரிகாரம் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலுமே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி டீசலுக்கும் பொருந்தும்.

கிலோமீட்டர் மீட்டர் எதனை அளக்கிறது?

வண்டி சென்ற தூரத்தைச் சக்கரத்தின் சுற்றுக்களைக் கொண்டு அளக்கும் வழி மிகப் பழமையானது. கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் சிற்ப சாஸ்திரி, சக்கரம் நானூறு சுற்றுச் சுற்றியதும் ஒரு கூழாங்கல் பாத்திரத்தில் விழும்படியான ஓர் அமைப்பை வருணித்திருக்கிறார். நானூறு சுற்று ஒரு ரோமானிய மைல் ஆகும். பயண முடிவில் கற்களை எண்ணினால் மைல் கணக்குத் தெரிந்துவிடும். இக்காலத்து லாரியில் கூழாங்கல்லுக்குப் பதிலாக, கியர் பெட்டியின் வெளித்தண்டு சுழலும் எண்ணிக்கை பல் சக்கரங்களாலோ மின் குறிப்பாலோ மீட்டருக்கு வந்துசேருகிறது. விஷயம் ஒன்றே. கிலோமீட்டர் மீட்டர் சக்கரத்தின் கணக்கேயன்றி என்ஜினின் கணக்கன்று.

சக்கரம் நிற்கும்போது அந்த மீட்டரும் நிற்கிறது. ஆனால் என்ஜின் நிற்பதில்லை. பிஸ்டன் மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கிறது. ரிங்குகள் லைனரோடு உராய்ந்துகொண்டே இருக்கின்றன. எண்ணெய் கரி பிடித்துக் கறுத்துக்கொண்டே வருகிறது. இவ்வுழைப்பில் ஒரு சிறிதும் கிலோமீட்டரில் ஏறுவதில்லை. என்ஜினின் வயதை மெய்யாக அறியவேண்டுமாயின் அது ஓடிய மணியைத்தான் பார்க்கவேண்டும். டயர், பிரேக், பட்டைகள், சக்கரத்துப் பேரிங்குகள் முதலியவற்றின் தேய்மானத்திற்குக் கிலோமீட்டர் சரியான அளவு. என்ஜின், எண்ணெய், பில்டர், டர்போ, டைனமோ, பெல்ட்டு ஆகியவற்றிற்கு மணியே மேலான அளவு. ஆகவே ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதில் பயனில்லை, இரண்டையும் குறிக்கவேண்டும்.

ஒரே தூரம், வேறு வேறு உழைப்பு

ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிச் சென்னைக் கோயம்பேட்டிற்குச் செல்லும் லாரி ஒன்றைக் கொள்வோம். ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தூரமும் அகன்ற நெடுஞ்சாலை. நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது 1,00,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அதன் என்ஜின் 2,500 மணி ஓடியிருக்கும்.

மற்றொரு லாரி மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறி உருளைக்கிழங்கும் காரட்டும் இறக்கிக்கொண்டு வருவதாகக் கொள்வோம். மேட்டுப்பாளையத்திற்கும் உதகமண்டலத்திற்கும் இடையே தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆனால் உதகை கடல் மட்டத்திற்குமேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொண்டை ஊசி வளைவுகளில் தாழ்ந்த கியரில் ஏறவேண்டும். அதே தாழ்ந்த கியரில் இறங்கவும் வேண்டும். மேலே தோட்டங்களில் மூட்டை ஏற்றக் காத்திருக்கவேண்டும்; கீழே மண்டியில் இறக்கக் காத்திருக்கவேண்டும். இந்த லாரியின் சராசரி மணிக்கு 16 கிலோமீட்டர் என்று கொண்டால், 1,00,000 கிலோமீட்டருக்குள் அதன் என்ஜின் 6,250 மணி ஓடிவிட்டது. இரண்டு லாரிகளையும் அருகருகே நிறுத்திக் கிலோமீட்டர் மீட்டரைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வயதாகத் தோன்றும். உண்மையில் இரண்டாவதன் என்ஜின் முதலாவதைப்போல் இரண்டரை மடங்கு நேரம் உழைத்திருக்கிறது.

இதைவிடத் தெளிவான உதாரணம் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிகளாகும். திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் பல பாகங்களுக்கும் இவ்வண்டிகள் செல்வது யாவரும் அறிந்ததே. ஒரு கிராமத்தில் வந்து நின்றபின், காற்றழுத்த யந்திரத்தை ஓட்டும் என்ஜின் இரவும் பகலும் உழைக்கிறது. சக்கரம் ஒரு சுற்றும் சுற்றுவதில்லை. அத்தொழிலில் உள்ளவர்கள் மணி மீட்டரைப் பார்த்தே எண்ணெய் மாற்றுகிறார்கள். அவர்களைக் கிலோமீட்டர் ஏமாற்ற முடியாது. லாரி வைத்திருக்கும் குடியானவரும் அவர்களிடம் இப்பாடத்தைக் கற்றுக்கொள்வது நலம்.

வெற்றோட்டத்தின் தீமைகள்

வண்டி நிற்க, வேலை ஒன்றும் நடவாமல், என்ஜின் மாத்திரம் மெதுவாய் ஓடிக்கொண்டிருப்பதை வெற்றோட்டம் எனலாம். சுமையில்லாமல் ஓடுவதால் தேய்மானம் இராது என்று அநேகர் நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக அமுக்குவதனால் உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றி எரிகிறது. வெற்றோட்டத்தில் உள்ளே செல்லும் டீசல் கொஞ்சமாதலால் சிலிண்டர் போதிய சூடு அடைவதில்லை. அரைகுறையாய் எரிந்த டீசல் கரியாகிப் பிஸ்டன் ரிங்குகளின் பள்ளங்களில் படிகிறது. எரியாத டீசலில் ஒரு பகுதி லைனர் சுவர் வழியே வழிந்து, சம்ப் எனப்படும் எண்ணெய்த் தொட்டியில் கலக்கிறது. எண்ணெய் நீர்த்துப்போய் வழுவழுப்பை இழக்கிறது. அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது எண்ணெய் குறையாமல் ஏறியிருக்கக் கண்டு சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அது டீசல் கலந்ததன் அடையாளமாயிருக்கலாம் என்று அறிதல் வேண்டும்.

1-4-2020 முதல் விற்பனைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வகை லாரிகளுக்கு இத்தீமை இன்னும் அதிகம். அவற்றின் புகைபோக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. பிடித்த கரி, புகை நல்ல சூட்டோடு வெளிவரும்போதுதான் எரிந்து நீங்கும். நஞ்சுப் புகையைக் குறைப்பதற்காக யூரியாக் கரைசல் தெளிக்கும் ஏற்பாடும் புகை சுமார் 200 டிகிரி சென்டிகிரேடுச் சூட்டை அடைந்தபின்னரே சரியாய் வேலை செய்யும். வெற்றோட்டத்தில் புகை அத்தனை சூடாவதில்லை. ஆலை வாசலிலும் மண்டியிலும் மணிக்கணக்காய் நின்றபடியே ஓடும் வண்டியின் வடிகட்டி அடைபட்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்து, என்ஜின் இழுவை குறைந்து நடுவழியில் தொல்லை கொடுக்கிறது.

டீசல் செலவையும் சொல்லவேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓடும் பெரிய லாரிகள் வெற்றோட்டத்தில் மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் எரிப்பதாக அந்நாட்டார் கணக்கிட்டிருக்கின்றனர். நம் நாட்டுச் சிறிய என்ஜின்களில் இது குறைவு. அந்நாட்டுப் போர்டு கம்பெனியார் தங்கள் வண்டிகள் சிலவற்றைப் பற்றி, ஒரு மணி வெற்றோட்டம் ஏறத்தாழ 33 மைல், அதாவது 53 கிலோமீட்டர், ஓட்டத்திற்கு ஈடாகும் என்று கூறியிருக்கின்றனர். இந்த எண்ணை எல்லா வண்டிகளுக்கும் அப்படியே கொள்ளக் கூடாது. எனினும், நிற்கும் வண்டியின் என்ஜினுக்கும் வயது ஏறுகிறது என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

ஒரு வெற்றோட்டம் மாத்திரம் அவசியமானது. டர்போ உள்ள வண்டி மலையேறியோ கனத்த சுமை இழுத்தோ வந்து நின்றவுடன் என்ஜினை அணைத்தால், கொதிக்கும் டர்போவின் தண்டில் எண்ணெய் ஓட்டம் நின்று கரிந்துபோகும். ஆகையால் இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாய் ஓடவிட்டு அணைக்கவேண்டும். அதற்குமேல் ஓடுவது வீண்.

மணி மீட்டரின் வகைகள்

முதல் வகை, பழைய டிராக்டர்களில் உள்ள கம்பி மீட்டர். இது கடிகாரமன்று, என்ஜினின் சுற்றுக்களையே எண்ணுகிறது. என்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மாத்திரம் மீட்டரின் ஒரு மணியும் கடிகாரத்தின் ஒரு மணியும் ஒத்திருக்கும். உதாரணமாக, நிமிஷத்திற்கு 1,500 சுற்றுக்கு அமைத்த மீட்டர், என்ஜின் 750 சுற்றில் ஓடும்போது கடிகாரத்து ஒரு மணிக்கு அரை மணியே காட்டும். ஆகவே வெற்றோட்டம் இதில் குறைவாகவே பதிவாகும்.

இரண்டாவது, மின்சார மீட்டர். இது உண்மையான கடிகாரம். சாவியைத் திருப்பியவுடன் ஓடத் தொடங்கும்படி இணைத்திருந்தால், என்ஜின் அணைந்திருக்கச் சாவி மாத்திரம் திறந்திருக்கும் நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். டிரைவர் சாவியைத் திறந்துவைத்து ரேடியோ கேட்ட நேரமெல்லாம் என்ஜின் மணியாகிவிடும். எண்ணெய் அழுத்தம் உண்டானபின் மட்டும் ஓடும்படி அழுத்த ஸ்விச்சோடு இணைத்தால் இக்குறை நீங்கும். மணி மீட்டர் இல்லாத பழைய லாரியிலும் மின்சார வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரைக்கொண்டு இதனை எளிதில் பொருத்திக்கொள்ளலாம். இருப்பிடம் காட்டும் கருவிகள் தரும் மணிக் கணக்கும் பெரும்பாலும் சாவிக் கணக்கே என்பதை நினைவிற்கொள்க.

மூன்றாவது, புதிய லாரிகளில் என்ஜினை நடத்தும் மின்னணுப் பெட்டியில் தானே பதிவாகும் கணக்கு. மொத்த மணி, மொத்த டீசல் முதலியவற்றோடு, பல வண்டிகளில் வெற்றோட்ட மணியும் தனியே பதிவாகிறது. முகப்புப் பலகையில் தெரியாவிட்டாலும், பட்டறையில் உள்ள சோதனைக் கருவியை இணைத்து இதனை வாசிக்கலாம். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் இந்த எண்களை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.

மீட்டரை வாசிப்பதிலும் ஒரு தவறு நேர்வதுண்டு. பெரும்பாலான மணி மீட்டர்களில் கடைசி இலக்கம் வேறு நிறத்தில் இருக்கும். அது மணியன்று, மணியில் பத்திலொரு பங்கு, அதாவது 6 நிமிஷம். 1,234.5 என்று வாசிக்கவேண்டியதை 12,345 என்று எழுதிவிட்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

கணக்குப் புத்தகம் எழுதும் முறை

நூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வண்டியிலேயே வைக்கவேண்டும். தேதி, புறப்படும்போது கிலோமீட்டர், மணி. திரும்பியபின் கிலோமீட்டர், மணி. ஊற்றிய டீசல், செய்த வேலை, காத்திருந்த இடமும் நேரமும் ஆகிய கலங்கள் போதும். நாள்தோறும் வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் டிரைவரே எழுதவேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு கணக்காகாது. மணி மீட்டர் இல்லாதவர் கடிகாரத்தைப் பார்த்து என்ஜின் எடுத்த நேரத்தையும் அணைத்த நேரத்தையும் எழுதிவரலாம்.

மாதிரிக்கு ஒரு நாள் பதிவு:

புறப்பட்டபோது: கி.மீ. 48,210, மணி 2,316.4
திரும்பியபோது: கி.மீ. 48,322, மணி 2,324.9
வித்தியாசம்: 112 கி.மீ.; 8.5 மணி
வேலை: மேட்டுப்பாளையம் – உதகை, கிழங்கு ஏற்றம்
காத்திருப்பு: தோட்டத்தில் என்ஜின் ஓட 3 மணி

112-ஐ 8.5-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வருகிறது. இந்த ஈவுதான் கணக்கின் உயிர். அன்றைய ஈவை ஆதி முதல் உள்ள ஈவோடு ஒப்பிடவேண்டும். 48,210-ஐ 2,316.4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21. வழக்கத்தில் மணிக்கு 21 கிலோமீட்டர் ஓடும் வண்டி அன்று 13-தான் ஓடியிருக்கிறது. காரணம் புத்தகத்திலேயே இருக்கிறது: மூன்று மணி வெற்றோட்டம். மாதக் கடைசியில் இந்த ஈவை ஒரு தனிப் பக்கத்தில் எழுதிவந்தால், அது இறங்கும் மாதமெல்லாம் வெற்றோட்டமோ மலைப்பாதையோ கூடிய மாதம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மிகுதிக் காத்திருப்புக்கு ஹால்டிங் கூலி கேட்கவேண்டிய இடத்திலும் இந்தப் புத்தகமே சாட்சியாகும்.

டீசல் கணக்கும் டிரைவரின் நற்பெயரும்

மைல் போய்க் கிலோமீட்டர் வந்த பின்னும், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை மைலேஜ் என்றே எல்லாரும் சொல்லுகிறார்கள். இந்த மைலேஜ் குறைந்தால் சொந்தக்காரருக்கு முதலில் எழும் சந்தேகம் டிரைவர்மீதுதான். பல வருஷம் உழைத்தவரும் இக்காரணத்தால் வேலையை இழப்பதுண்டு. தீர விசாரிக்கும் வழி மணிக் கணக்கில் இருக்கிறது.

சாதாரண மாதத்தில் 3,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் 750 லிட்டர் குடிக்கும் லாரி ஒன்று கரும்பு அரவைக் காலத்தில் ஆலைக்கு ஓடுகிறது என்று கொள்வோம். அம்மாதமும் அதே 3,000 கிலோமீட்டர். ஆனால் டீசல் 870 லிட்டர். மைலேஜ் ஏறத்தாழ மூன்றரைக்கு இறங்கிவிட்டது. 120 லிட்டர் எங்கே போயிற்று? கிலோமீட்டர் கணக்கில் இதற்கு விடையில்லை. மணிக் கணக்கைப் பார்ப்போம். சாதாரண மாதத்தில் 3,000 கிலோமீட்டருக்கு 100 மணி ஆகும். அம்மாதம் 160 மணி ஆகியிருக்கிறது. மிகுதி 60 மணியும் ஆலை முற்றத்தில் வரிசையில் நின்று ஓடியது. அந்த என்ஜின் வெற்றோட்டத்தில் மணிக்கு 2 லிட்டர் எரிப்பதாயின் 60 மணிக்கு 120 லிட்டர். கணக்குச் சரியாகிவிட்டது, டிரைவர் குற்றமற்றவர்.

தம் வண்டி வெற்றோட்டத்தில் எவ்வளவு எரிக்கிறது என்பதை ஒவ்வொருவரும் ஒரு தடவை அளந்து அறிந்துகொள்ளலாம். சமதளத்தில் நிறுத்தி, டேங்கை விளிம்புவரை நிரப்பி, இரண்டு மணி மெதுவாய் ஓடவிட்டு, மறுபடி அதே விளிம்புக்கு அளவுப் பாத்திரத்தால் நிரப்பினால், ஊற்றிய அளவில் பாதி ஒரு மணிச் செலவாகும்.

குற்றம் டிரைவரிடம் இல்லையென்றால் யாரிடம்? அவர் ஏன் வரிசையில் என்ஜினை அணைக்கவில்லை என்று விசாரித்தால், பல இடங்களில் காரணம் பாட்டரியாக இருக்கும். அணைத்தால் மறுபடி எடுக்காது. பின்னால் நிற்பவர்கள் முந்திவிடுவார்கள். பாட்டரி மாற்றப் பணம் கொடாத சொந்தக்காரர், அதன் விலையை மாதந்தோறும் டீசலாக எரித்துவிடுகிறார். நல்ல பாட்டரியும் பழுதில்லாத ஸ்டார்ட்டரும் இருந்தால் அணைத்து எடுப்பதற்கு யாரும் தயங்கமாட்டார்கள்.

மணியும் கிலோமீட்டரும் வழக்கம்போலவே இருக்க, டீசல் மாத்திரம் கூடினால் காற்று பில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு, குழாய்க் கசிவு, டயரில் காற்றுக் குறைவு, பிரேக் பிடித்தபடி உராய்தல், அளவுக்கு மீறிய பாரம் ஆகியவற்றை வரிசையாய்ச் சோதிக்கவேண்டும். இவை யாவும் இல்லையென்று தெரிந்தபின்னரே மனிதர்மீது சந்தேகம் கொள்வது முறை.

எண்ணெய் மாற்றும் காலம்

பல டிராக்டர்களுக்கு எண்ணெய் மாற்றும் தவணை 250 மணி என்று குறித்திருப்பதைக் குடியானவர்கள் அறிவார்கள். லாரிக்கோ கிலோமீட்டர்க் கணக்கே முதன்மையாய்ச் சொல்லப்படுகிறது. அந்தக் கிலோமீட்டர், வண்டி நெடுஞ்சாலையில் ஒழுங்காய் ஓடும் என்பதை மனத்திற்கொண்டு குறித்தது. கையேட்டில் 20,000 கிலோமீட்டர் என்று இருப்பதாகக் கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் அது 500 மணி வேலையாகும். மணிக்கு 20 கிலோமீட்டர் ஓடும் சந்தை லாரி இந்த 500 மணியை 10,000 கிலோமீட்டரிலேயே முடித்துவிடுகிறது. அதன் சொந்தக்காரர் 20,000 வரும்வரை காத்திருப்பாராயின், எண்ணெய் 1,000 மணி ஓடி, கரியும் டீசலும் கலந்த கஷாயமாகியிருக்கும். எண்ணெயில் மிச்சம்பிடித்த சில ஆயிரம் ரூபாய், பேரிங்கும் கிராங்கும் தேய்ந்தபின் பல மடங்காய்ச் செலவாகும்.

ஆகையால் கையேட்டில் மணியும் கிலோமீட்டரும் மாதமும் குறித்திருந்தால், எது முந்துகிறதோ அதன்படி மாற்றவேண்டும். கிலோமீட்டர் மட்டும் குறித்திருந்தால், மேற்சொன்னபடி மணியாக மாற்றிக் கம்பெனிப் பட்டறையாரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுதல் நலம். மாற்றிய நாளின் கிலோமீட்டரையும் மணியையும், அடுத்த தவணை மணியையும் ஒரு சீட்டில் எழுதி டிரைவர் கண்ணெதிரே ஒட்டிவைக்கவேண்டும்.

பழைய லாரி வாங்குவோர் கவனிக்கவேண்டியவை

கிலோமீட்டர் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பி விற்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. கிலோமீட்டரை மணியால் வகுத்துப் பார்ப்பதே இவர்களைக் கண்டுகொள்ளும் சுலபமான வழி. 80,000 கிலோமீட்டரும் 8,000 மணியும் காட்டும் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அது குவாரியிலோ ஆலை முற்றத்திலோ உழைத்ததாயின் பொருந்தும். நெடுஞ்சாலையில் ஓடியது என்று விற்பவர் சொன்னால், சொல்லும் எண்ணும் முரண்படுகின்றன. அதற்கு மாறாக ஈவு மணிக்கு 90 என்று வந்தால், சுமை லாரி அவ்வாறு ஓடியிருக்க முடியாதாகையால், மணி மீட்டர் நின்றுபோயிருக்கவேண்டும் அல்லது மாற்றப்பட்டிருக்கவேண்டும்.

புதிய வகை வண்டியாயின் பட்டறைக்குக் கொண்டுபோய் மின்னணுப் பெட்டியின் கணக்கை வாசிக்கச் சொல்லவேண்டும். முகப்புப் பலகையை மாற்றினாலும் அப்பெட்டியின் கணக்குப் பெரும்பாலும் நிலைத்திருக்கும். பழைய சர்வீஸ் ரசீதுகளில் உள்ள எண்கள் தேதி வரிசையில் ஏறிக்கொண்டே வருகின்றனவா என்றும் பார்க்கவேண்டும். கால்மிதிகளின் ரப்பர், ஸ்டியரிங் வளையம், ஆசனம் ஆகியவற்றின் தேய்மானமும் பொய் சொல்லாத சாட்சிகள். விற்பவர் தாம் எழுதிய கணக்குப் புத்தகத்தையே எடுத்துக் காட்டினால், அந்த வண்டிக்குச் சற்று அதிக விலை கொடுப்பதிலும் தவறில்லை.

மீட்டர்களைச் சோதித்தல்

மீட்டர் தவறினால் கணக்கும் தவறும். வருஷத்திற்கு ஒரு முறையாவது இரண்டையும் சோதிக்கவேண்டும். கிலோமீட்டர் மீட்டரைச் சோதிக்க, நெடுஞ்சாலையில் கிலோமீட்டர்க் கல் ஒன்றில் தொடங்கிப் பத்துக் கற்கள் ஓட்டி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தால் போதும். டயர் தேயத் தேயச் சக்கரத்தின் சுற்றளவு குறைவதால், அதே தூரத்திற்குச் சக்கரம் அதிகம் சுற்றி, மீட்டர் நூற்றுக்கு இரண்டு மூன்று கூட்டிக் காட்டக் கூடும். வேறு அளவு டயர் போட்டாலும் கணக்கு மாறும். மணி மீட்டரை, வண்டி வேலையில் ஓடும் ஒரு நாளில் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். எந்த மீட்டரையாவது மாற்றினால், பழையதன் கடைசி எண்ணையும் புதியதன் முதல் எண்ணையும் தேதியோடு புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் சரித்திரம் அன்றோடு அறுந்துபோகும்.

இரண்டு கணக்கும் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2017 டிசம்பர் முதல், ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பெரும்பாலான லாரிகளில் டிரைவரின் வேலை நேரத்தைத் தானே பதிவு செய்யும் கருவி சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. ஓய்வின்றி ஓட்டுவதால் நேரும் விபத்துக்களைக் குறைப்பதே அதன் நோக்கம். அக்கருவி என்ஜினோடு இணைந்து, சென்ற மைலையும் என்ஜின் மணியையும் ஒருங்கே பதிகிறது. மைல் மாத்திரம் போதாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

சுருக்கம்

1. கிலோமீட்டர் சக்கரத்தின் கணக்கு. மணி என்ஜினின் கணக்கு. இரண்டையும் நாள்தோறும் எழுதுக.

2. கிலோமீட்டரை மணியால் வகுத்து வரும் ஈவை மாதந்தோறும் ஒப்பிடுக. ஈவு இறங்கினால் காரணம் தேடுக.

3. எண்ணெயும் பில்டரும் மாற்றுவதில் மணி, கிலோமீட்டர், மாதம் ஆகியவற்றுள் முந்துவதையே கொள்க.

4. சில நிமிஷத்திற்குமேல் வண்டி நிற்குமாயின் என்ஜினை அணைக்கவேண்டும். அதற்கு ஏற்ற பாட்டரியைக் கொடுப்பது சொந்தக்காரர் கடமை.

5. டீசல் கூடினால் முதலில் மணியைப் பார்க்க. பின்பு யந்திரத்தைப் பார்க்க. மனிதரைக் கடைசியில் பார்க்க.

6. பழைய வண்டி வாங்குமுன் இரண்டு மீட்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க.

மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறிந்து வாங்குவது நம் குடியானவர்களின் தொன்றுதொட்ட வழக்கம். உழவு மாட்டுக்கு எத்தனை நாழிகை ஏர் பூட்டினோம், எப்பொழுது அவிழ்த்துத் தண்ணீர் காட்டினோம் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். லாரியின் மணிக் கணக்கும் அதே வகையைச் சேர்ந்ததுதான். நாளொன்றுக்கு இரண்டு நிமிஷம் செலவிட்டு இதனை எழுதிவருபவருக்கு, வண்டியின் உழைப்பும் அதனை ஓட்டுகிறவரின் உழைப்பும் மறைவின்றி விளங்கும்.